அழித்துவிட்டு அலைகிறவர்

"தம்பி, இதுல அழிச்சது திரும்ப வருமா?"

ப்ளஸ் டூ முடித்த என்னை அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டில் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்த்துவிட்டிருந்த நேரம் அது. செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட்டு, திரைச்சீலை தொங்கும் குளிர் அறைக்குள் பயபக்தியோடு நுழைந்து, நம் முறை வந்தால் கொஞ்ச நேரம் தட்டலாம். 1989இல் தென்காசியில் கம்ப்யூட்டர் ஏறக்குறைய ஒரு சந்நிதி. அங்கே வைத்து இப்படிக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? விழித்தேன்.

கேட்டவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் அவருடைய இனத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரகசியத்தைக் காப்பாற்றுகிறவர்கள் உண்டு, உளறுகிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது கூட்டம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் அழித்துவிட்டு அலைகிறவர்கள். இவர்கள் கடிதத்தைக் கிழிப்பார்கள், கிழித்த துண்டுகளை மறுபடி கிழிப்பார்கள், அதை வெந்நீர் அடுப்பில் போட்டு, சாம்பலைக் குச்சியால் கிளறிப் பார்த்து, நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டு, நேராகத் தெருவுக்கு வந்து, எதிரே வருகிறவரை நிறுத்தி, "சாம்பல்ல எழுத்து தெரியுமாவே?" என்று கேட்பார்கள். அவர் பாவம், பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தவர். இப்போது நின்றுவிட்டார். நிற்காமல் என்ன செய்வார்?

இவர்களை அடையாளம் காண்பது எளிது. பேச்சை எப்போதும் "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்" என்றுதான் தொடங்குவார்கள். அந்த ஒருத்தருக்கு இவருடைய வயது, இவருடைய உத்தியோகம், இவருடைய தொப்பை எல்லாம் இருக்கும். சரியான பதில் வேண்டுமென்றால் சரியான விவரம் கொடுக்க வேண்டும் அல்லவா? அதனால் எல்லா விவரத்தையும் கொடுத்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "வெளிய போகக் கூடாது, பாத்துக்கோரும்" என்பார்கள்.

வல்லிநாயகம் அண்ணாச்சி இந்த இனத்தின் மணிமகுடம்.

அண்ணாச்சி எங்கள் ஊர் அலுவலகம் ஒன்றில் கிளார்க். அவருக்கு மேலே ஹெட்கிளார்க் குற்றாலிங்கம். அவர் மேல் அண்ணாச்சிக்கு நெடுநாள் மனத்தாங்கல். ஒரு மொட்டை மனு எழுதி மேலிடத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்தார். கையால் எழுதினால் கையெழுத்து காட்டிக்கொடுக்கும். டைப்ரைட்டர் அதைவிட மோசம். ஒன்றில் ஓர் எழுத்து தொங்கும், இன்னொன்றில் முற்றுப்புள்ளி காகிதத்தையே துளைக்கும். எந்த மனு எந்த மெஷினில் பிறந்தது என்று குமாஸ்தாக்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். கம்ப்யூட்டருக்கு அந்தக் கோணல் கிடையாது. அதனால்தான் செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் சென்டருக்கு வந்தார்.

மனுவில் இருந்தவை இரண்டே குற்றச்சாட்டுகள். ஹெட்கிளார்க் நனைந்த குடையை மற்றவர்களுடைய ஃபைல் மேல் வைக்கிறார். சாரல் தொடங்கிவிட்டால் அலுவலக நேரத்தில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விடுகிறார். இப்படிக்கு, பொதுநல விரும்பி.

ஃப்ளாப்பியில் மனு தயார். அச்செடுத்துத் தபாலில் போடவேண்டியதுதான் பாக்கி. அந்த ஞாயிற்றுக்கிழமை குற்றாலிங்கம் தட்டில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்கே வந்துவிட்டார், தன் மகனுக்கு அண்ணாச்சியின் மகள் குழல்வாய்மொழியைக் கேட்டு. பையன் செங்கோட்டையில் நல்ல வேலையில் இருக்கிறான். பெண்ணுக்கும் பிடித்திருந்தது என்பது அவள் காபி கொண்டுவந்த வேகத்திலேயே தெரிந்ததாம். மகளுடைய கல்யாணம் இப்போது ஒரு ஃப்ளாப்பிக்குள் மாட்டிக்கொண்டது.

மறுநாள் மூச்சிரைக்க ஓடி வந்து அழித்தார். அழித்த கையோடு என்னைக் கேட்ட கேள்விதான் மேலே நீங்கள் படித்தது. நான் விழித்ததைப் பார்த்து எங்கள் ஆசிரியர் ஹபீபுல்லா சார் பக்கத்தில் வந்தார்.

"அழிச்சா பேரு மட்டும்தான் போவும் அண்ணாச்சி. சரக்கு உள்ளதான் கெடக்கும். அது மேல வேற எதையாவது எழுதுனாத்தான் போவும்."

அண்ணாச்சியின் முகம் வெளுத்தது. "அப்பம் எழுதுலே! நல்ல வார்த்தையாப் போடு!" என்று என்னை விரட்டினார். ஃப்ளாப்பி நிறைகிற வரைக்கும் ஸ்ரீராமஜெயம் எழுதினோம். பிறகு அதைக் கத்தரியால் வெட்டினார். துண்டுகளைப் பொட்டலம் கட்டிச் சிற்றாற்றில் விட்டார். இதற்கு மேல் ஒரு மனுவை யாராலும் அழிக்க முடியாது.

சந்தேகத்தை யார் அழிப்பது? முடி வெட்டுகிற இடத்தில், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், குடையைப் பத்தி ஒரு மனு எழுதி..." என்று ஆரம்பித்தார். டீக்கடையில் கேட்டார். தையல்கடையில் கேட்டார். கடையத்திலிருந்து வந்த பஸ் கண்டக்டரையும் விடவில்லை. எல்லாரும் வராது என்றார்கள். அவர்கள் சொன்ன விதம் அண்ணாச்சிக்குத் திருப்தியாக இல்லை. கடைசியில் என்னைப் பிடித்தார்.

"ஏலே, குத்தாலத்துக்கு வா. அங்கன அருவிச் சத்தத்துல ஒருத்தனுக்கும் ஒண்ணும் கேக்காது. வெவரமாப் பேசணும்."

போனோம். நல்ல சாரல். பேரருவியில் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிய கூட்டம். இடித்துப் பிடித்து உள்ளே நுழைந்தோம். தலையில் தண்ணீர் தடதடவென்று விழ, அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

"வராதுல்லா?"

"என்னது?"

"மனு! திரும்ப! வராதுல்லா?"

அருவிக்குள் ரகசியம் பேசுகிறவர் எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது, பாருங்கள். பக்கத்தில் முகத்தில் முடி வழிய, கண்ணை மூடிக்கொண்டு நின்ற ஒரு தடித்த மனிதர் கேட்டார்.

"யாரு மேல மனு?"

வெளியூர்க்காரர் என்று நினைத்துக்கொண்டார் அண்ணாச்சி. சீசன் நேரம், ஒரு பட்டணத்து ஆளின் யோசனை இலவசமாகக் கிடைக்கிறது. விடுவாரா?

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருங்க! ஹெட்கிளார்க் மேல எழுதிட்டாரு! இப்பம் அந்த ஹெட்கிளார்க் மகனுக்கே பொண்ணக் குடுக்காரு!"

தடித்த மனிதர் வெளியே வந்தார். முடியை ஒதுக்கினார். முகத்தைத் துடைத்தார். குற்றாலிங்கம். அன்று வேலை நாள், நண்பகல்கூட ஆகவில்லை. இரண்டு பேரும் ஈரத்துண்டோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சம்பந்தி, ஆபீஸ்ல யாருவே இருக்கா?" என்றார் குற்றாலிங்கம்.

"நீங்க இருப்பியன்னு நெனச்சேன் அண்ணாச்சி" என்றார் வல்லிநாயகம்.

"நீரு இருப்பீருன்னுல்லா நான் நெனச்சேன்." குற்றாலிங்கம் துண்டைப் பிழிந்தார். "அந்த மனுல என்ன எழுதியிருந்தீரு?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி..."

"ஒண்ணுமில்லாததையா இந்தப் பாடுபட்டு அழிச்சீரு? நான் அதையேதான் படிக்கணும். இப்பம் மழுப்பிப் புதுசா எழுதிக் கொண்டாந்தா நம்ப மாட்டேன். படிச்ச பெறவுதான் பந்தக்கால்."

இப்போது அண்ணாச்சி மறுபடியும் சென்டருக்கு ஓடி வந்தார். அதே கேள்விதான், குரல் மட்டும் வேறு. "தம்பி, திரும்ப வருமா?"

ஹபீபுல்லா சார் உதட்டைப் பிதுக்கினார். "மேல எழுதி, வெட்டி, ஆத்துல விட்டது இனி எங்க வரும்? ஒங்கள மாதிரி சுத்தமா அழிச்ச ஆள நான் பாத்ததே இல்ல."

இத்தனை நாள் ஏங்கிய பதில் கிடைத்துவிட்டது. அண்ணாச்சி படிக்கட்டில் தன் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

ஆனால் மனு அழியவில்லை. அது ஊரில் பத்திரமாக இருந்தது. போய்க் கேட்டோம். முடி வெட்டுகிறவர் முதல் குற்றச்சாட்டை அட்சரம் பிசகாமல் சொன்னார். டீக்கடைக்காரர் இரண்டாவதைச் சொல்லிவிட்டு, "கடைப் பேப்பரை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருதாரு, அதையும் சேத்துக்கோ" என்றார். ஹெட்கிளார்க் அளவு கொடுத்த சட்டையை வாங்க வராமலே அடுத்த சட்டைக்கு அளவு கொடுப்பதைத் தையல்காரர் சொன்னார். பஸ் கண்டக்டருக்கும் ஏதோ ஜன்னலோரத் தகராறு. நான் எல்லாவற்றையும் சேர்த்து அடித்தேன். ஒரு பக்க மனு மூன்று பக்கமாகத் திரும்பி வந்தது.

அலுவலகத்தில் வைத்துக் குற்றாலிங்கம் அதைப் படித்தார். மூன்று பக்கத்தையும் படித்தார். பெண்ணின் தகப்பனார் தூணோடு தூணாக நின்றார்.

"இதுல உம்ம சரக்கு எது?"

"முதல் ரெண்டுதான் அண்ணாச்சி. மத்ததெல்லாம் ஊரு எழுதினது."

"ரெண்டாவது அருவி. அதுக்கு நீரும்தான் வந்தீரு." பேனாவை எடுத்து அதை அடித்தார். "அப்பம் மிச்சம் குடை மட்டுந்தான?"

"குடை மட்டுந்தான்."

குற்றாலிங்கம் திரும்பிப் பார்த்தார். குடை அண்ணாச்சியின் ஃபைல் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதை எடுத்து ஆணியில் மாட்டினார். "இதச் சொல்லுததுக்கு கம்ப்யூட்டராவே? பந்தக்காலுக்கு நாள் பாரும்" என்றார். கல்யாணம் நன்றாக நடந்தது. குடையை அன்று வெற்றிலைத் தட்டின் மேல் வைத்தார் என்பது உண்மை. யாரும் மனு எழுதவில்லை.

ஆக, அன்று விழித்த நான் இன்று பதில் சொல்வேன். மெஷினில் சுத்தமாக அழித்தால் வராது. அழித்தவர் வாயை அழிக்காவிட்டால் வரும், கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

இதைப் படிக்கிற நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நடுவில் ஓரிடத்தில், நாம் அன்றைக்குக் கிழித்துப் போட்டது இப்போது எங்கே கிடக்குமோ என்று ஒரு கணம் நினைத்தீர்களே? நினைத்ததோடு இருங்கள். தயவுசெய்து தெருவில் இறங்கிவிடாதீர்கள்.

வாய் சும்மா இருக்காது என்றால் இந்தக் கதையை நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்" என்று மட்டும் ஆரம்பிக்க வேண்டாம், உங்களைத்தான் சந்தேகப்படுவார்கள். வல்லிநாயகம் அண்ணாச்சி என்று பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். உங்களுக்கு முன்னாலேயே அவர் எல்லாரிடமும் சொல்லியிருப்பார்.