துளுக்காத கதாநாயகி

கொலை செய்து பேர் கெட்டவர்கள் உண்டு. கொலை செய்யத் தெரியாமல் பேர் கெட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, போர்க் கிணறு தோண்டும் ரிக் லாரி, ஜவ்வரிசி ஆலை என்று எங்கே சோறு கிடைத்ததோ அங்கே கிடந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ராசிபுரம் பக்கம் ஒரு கறிக்கடையில் வேலை. திருவிழாக் காலத்தில் கோயில் கோயிலாகப் போய்க் கிடா வெட்டுவேன். அப்போதுதான் சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஒரு டைரக்டர் வந்தார். முகமூடிக் கொலைகாரன் ஒருவன் ஊரையே வெட்டிச் சாய்த்துவிட்டுக் கடைசியில் கதாநாயகியிடம் சிக்கிக்கொள்ளும் படம். அரிவாள் வாங்கும் செலவு மிச்சம் என்று அரிவாளோடு என்னையும் கூட்டிப் போனார். (முகமூடி இருந்ததால் என் முகம் ஒரு தடையாக இல்லை.)

கதாநாயகி சரசு, ஜலகண்டாபுரத்துத் தறிக்காரர் மகள். பத்தொன்பது வயது. ஜவ்வரிசிக் கஞ்சியில் சாயம் கலந்த ரத்தத்தைத் தலையில் ஊற்றினாலும், மொய்க்கிற எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டே, "இன்னொருக்கா எடுக்கலாமுங்களா?" என்பாள். படம் வெளிவந்தால் மெட்ராஸ், வராவிட்டால் தையில் மாமன் மகனோடு கல்யாணம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். மாமன் மகன் எப்படி என்று கேட்டேன். "இந்த முகமூடி அவருக்குப் போட்டா நல்லா இருக்குமுங்க" என்றாள்.

கடைசிக் காட்சி ஒரு கரும்பாலைக் கொட்டகையில். பிலிம் ஒரே சுருள்தான் பாக்கி. சரசு ஓடிவந்து விழ, தண்ணீர்க் குடம் அவள் தலையில் கவிழ வேண்டும். நான் அரிவாளை ஓங்கி வெட்டும்போது அவள் உருண்டு தப்பி, சாம்பலை என் கண்ணில் வீச வேண்டும். "தண்ணி விழுந்ததும் பயத்துல கல்லாயிடணும். அருவா எறங்குற வரைக்கும் அசையவே கூடாது" என்று டைரக்டர் அவளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

கேமரா ஓடியது. குடம் கவிழ்ந்தது. அரிவாளை ஓங்கினேன். கை இறங்கவில்லை.

எங்கள் பக்கம் கிடாயின் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, அது உடம்பை உதறிச் சிலிர்க்கும்வரை காத்திருப்போம். அதைத் துளுக்குவது என்பார்கள். துளுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். அதற்கு முன்னால் வெட்டவே கூடாது. என் மூளை சினிமாவில்தான் இருந்தது. கை கோயிலுக்குப் போய்விட்டது.

"வெட்டுய்யா!" என்று டைரக்டர் கத்தினார். (வசனமெல்லாம் பின்னால்தான் சேர்ப்பார்கள், எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம்.)

வேலிக்கு வெளியே வேடிக்கை பார்த்த பக்கத்துக் காட்டு விவசாயிகள் ஒருவருக்கும் இதில் எந்தத் தப்பும் தெரியவில்லை. "அவசரப்படாதீங்க சாமி" என்றார் ஒரு பெரியவர். "இன்னும் துளுக்கலீங்க."

"எது?" என்றார் டைரக்டர்.

"அந்தப் புள்ளதானுங்க."

"இன்னுங் கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாருங்கப்பா" என்றார் இன்னொருவர்.

கேமரா பிலிமைத் தின்றுகொண்டிருந்தது. கல்லாக இருந்த சரசு கண்ணை மட்டும் உயர்த்தினாள். இந்தப் பக்கத்துப் பெண்தானே, புரிந்துவிட்டது. "துளுக்குனா வெட்டித் தொலைவீங்களா?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. முகமூடியை ஆட்டினேன். உச்சியிலிருந்து பாதம்வரை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தாள் பாருங்கள், நான் வெட்டிய எந்தக் கிடாயும் அப்படித் துளுக்கியதில்லை.

"துளுக்கிருச்சு! வெட்டு!" என்று வேலியே கத்தியது. யாரோ குலவை வேறு போட்டார்கள். அரிவாள் இறங்கியது. (அதன் கூர்மையை மழுக்கியிருந்தோம், அவ்வளவு ஏழைப் படம் இல்லை.) அவள் உருண்டாள், சாம்பல் பறந்தது, சுருள் தீர்ந்தது.

வேறு பிலிம் இல்லாததால் அது அப்படியே படத்தில் வந்தது. ரத்தம் உறையும் என்று போஸ்டர் ஒட்டினார்கள். நாமக்கல்லில் ஜனங்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிலிர்ப்புக்காகவே திரும்பத் திரும்ப வந்தார்கள். சரசு மெட்ராஸ் போனாள். மாமன் மகன் வேறு பெண் பார்த்துக்கொண்டார். எனக்குத்தான் விமோசனம் இல்லை. முகமூடிக்குள் இருப்பது நான்தான் என்று ஊர் ஊராக நானே சொல்லிவைத்திருந்தேன்.

பிறகு கெங்கவல்லியில் எனக்குக் கல்யாணம். தாலியைக் கையில் எடுத்ததும், "பொறு மாப்ளே, பொண்ணு துளுக்கட்டும்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். பந்தல் அதிர்ந்தது. குனிந்த தலையோடு மணப்பெண்ணும் குலுங்கினாள். உத்தரவு கிடைத்துவிட்டது என்று முடிச்சைப் போட்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சண்டையிலும் பிள்ளைகளைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு என் மனைவி சொல்வது இதுதான்: "அன்னிக்கு நான் துளுக்கவே இல்ல, சிரிச்சேன். இந்தக் கல்யாணம் செல்லாது."