சாமி கொடுத்தது கணக்கில் வராது

மலாயா முழுக்கத் தேடினாலும், பயணிகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, உள்ளே போகிற வழியைத் தன் உடம்பாலேயே அடைத்துக்கொண்டு நின்ற கண்டக்டர் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார். மலாய்க்காரர், சீனர், தமிழர் யார் ஏறினாலும், உள்ளே போங்கள் என்பதற்கு "மாசோக், மாசோக்" என்று மலாயில் விரட்டுவார். கடைசியில் அவர் பெயரே மாசோக் ஆகிவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர், சம்பளச் சீட்டு எழுதுகிற எனக்கே சட்டென்று ஞாபகம் வராது.

நான் அவர் வேலை பார்த்த பஸ் கம்பெனியில் கிராணி, அதாவது கணக்கெழுதுகிற குமாஸ்தா. மலாக்காவில் காஜா பெராங்கிலிருந்து பண்டார் ஹிலிருக்கு அவர் பஸ்ஸில்தான் தினமும் வேலைக்குப் போவேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த புதிது. ஊரே சந்தோஷத்தில் இருந்தது. சந்தோஷம் வந்துவிட்டால் எங்கள் ஊரில் அடுப்பு அணையாது. மாசோக் மேலும் பருத்தார். ஒருநாள் இரண்டு சீட்டுகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ள, டிரைவர் எழுந்து வந்து தள்ளிவிட வேண்டியதாயிற்று. அன்று பார்த்து முதலாளி தவுக்கே பஸ்ஸில் இருந்தார். தீபாவளிக்குள் உடம்பைக் குறைத்து, கூட்டமான பஸ்ஸில் முன்னாலிருந்து பின்னால் வரை நடந்து காட்ட வேண்டும், இல்லையென்றால் பட்டறையில் பஸ் கழுவப் போகவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

மாசோக்குக்கு அழுகையே வந்துவிட்டது. பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர். அந்த பஸ்தான் அவருக்குக் குடும்பம்.

உடம்பைக் குறைக்க வழி கேட்டுப் போன டாக்டர், வாய்க்குள் போவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். வாராவாரம் நான் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். படித்தால் பாவமாக இருக்கும். காலையில் ரொட்டி, மத்தியானம் கொஞ்சம் ரசம் சோறு, ராத்திரிக்கு மோர். நோட்டில் இருந்தவர் பட்டினி கிடந்தார். எதிரில் நின்றவர் ஊதிக்கொண்டே போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் பஸ்ஸை நிறுத்தி, தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு ஏறினார். அடுத்த நிறுத்தத்தில், மலாயே வீட்டுப் பேச்சாகிவிட்ட பழைய தமிழ் வம்சத்து மலாக்கா செட்டி அம்மாள் ஒருவர், சாப்பிடு என்பதற்கு "மாகான்லா" என்று சொல்லி, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலத்தை நீட்டினார். இரண்டும் காலி. நோட்டைப் புரட்டிப் பார்த்தால் ஒரு எழுத்து இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"என்ன கிராணி, சாமி குடுத்தத போயி சாப்பாட்டுக் கணக்குல எழுதுறதா?"

"அந்தம்மா குடுத்தது?"

"அது அவங்க மனசு. பசிக்கு நான் தின்னாதானே சாப்பாடு?"

மனிதர் பொய் சொல்லவில்லை. நம்மில் பாதிப் பேருக்கு அதே கணக்குத்தான். விஷயம் தெரிந்து டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். சாமி கொடுத்தாலும் ஆசாமி கொடுத்தாலும் முதலில் எழுது, பிறகு தின்னு என்று உத்தரவு போட்டார்.

அங்கேதான் அவருக்கு விடிவு பிறந்தது. ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் படித்த கை. எழுத்தைக் கோலம் மாதிரி மெல்ல மெல்லப் போடும். ஆடுகிற பஸ்ஸில் என்ன பதார்த்தம், யார் கொடுத்தது என்று எழுதி முடிப்பதற்குள் ஆள் ஏறும், ஆள் இறங்கும், டிக்கெட் கேட்பார்கள். பொட்டலம் பக்கத்தில் யார் கைக்காவது போய்விடும். நாளடைவில் பெயர் நீளமான பலகாரங்களை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இரண்டே எழுத்து என்பதால் வடை மட்டும் வாய்க்குள் போனது.

உடம்பு குறைந்தது நிஜம். போதுமான அளவு குறைந்ததா என்பதுதான் எங்கள் கவலை. சோதனை நாளன்று பஸ்ஸில் நிற்க இடமில்லை. தவுக்கே கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாசோக் முன்பக்கம் வெளிறிப்போய் நின்றார்.

"போங்க அண்ணே," என்றேன்.

அவர் முதல் அடி வைத்ததும் அந்தச் செட்டி அம்மாள் கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். அவரைப் பார்த்து அடுத்தவர். நின்றவர்கள் எல்லோரும் வயிற்றை எக்கிக்கொண்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லிவைக்கவில்லை. மாசோக் ஒருவர் மேலும் இடிக்காமல் கடைசி வரை வந்து, தவுக்கேயிடமே டிக்கெட் கேட்டார். தவுக்கே சிரித்துவிட்டார். சரி, நீ பஸ்ஸிலேயே இரு என்றார்.

பஸ் முழுக்க ஒரே சமயத்தில் மூச்சை விட்டது. அதில் என் மூச்சும் ஒன்று. அவர் இல்லாத பஸ்ஸில் ஏற எனக்கு மனசு வந்திருக்காது.