கூரைக்காக எடுத்த போட்டோ

போட்டோ எடுக்கப் போகிறோம் என்றால் எங்கள் பக்கத்து ஜனம் முதலில் கேட்பது, "யார் வீட்டுல நல்ல புடவை இருக்குது?" என்பதைத்தான். தன் வீட்டில் யாரும் தேடிப் பார்ப்பதில்லை, இல்லையென்று தெரியும். இந்தப் புத்தியால் ஒரு பள்ளிக்கூடத்தையே இழுத்து மூடப் பார்த்த மகா புத்திசாலி நான்.

யுத்தம் முடிந்த மறுவருஷம். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. திருத்தணியிலிருந்து கனகம்மாசத்திரம் போகிற வழியில் ஒரு ஓலைக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை அது மாதா கோயில், மற்ற நாளில் பள்ளிக்கூடம். அதில் நான் டீச்சர். (வேலூர் கான்வென்டில் எட்டாவது வரை. அந்தக் காலத்துக்கு அது எம்.ஏ.! தலைக்கனமும் எம்.ஏ. அளவுக்கே இருந்தது.) மழை வந்தால் கொட்டகைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரிதான் பெய்யும். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு, அடுத்த மழைக்குள் கூரையைச் சரி செய்யாவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மூடினால் பிள்ளைகள் அத்தனை பேரும் கடலைக் கொல்லையில் களை பிடுங்கப் போகவேண்டியதுதான்.

எங்கள் சாமியார் பிரான்சு தேசத்துக்காரர். எங்கள் வெயிலில் வெந்து வெந்து முக்கால்வாசி எங்கள் நிறத்துக்கே வந்துவிட்டார். தமிழை மட்டும் ஜெபப் புத்தகத்தில் இருக்கிறபடியே பேசுவார். அந்தச் சமயம் பார்த்து அவருக்கு விஷக்காய்ச்சல். வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறும்போது என்னிடம் ஒரு உறையைக் கொடுத்தார்.

"மகளே, ஓட்டுக் கூரை போட உதவி கேட்டு என் சொந்த ஊர்ப் பங்குக் கோயிலாருக்கு எழுதியிருக்கிறேன். நம் வறுமையைக் கண்ணாரக் கண்டால் அவர்கள் மனமிரங்குவார்கள். ஒரு நிழற்படம் எடுத்து இதனுள் வைத்துத் தபாலில் சேர்ப்பாயாக. எல்லோரும் இருக்கிறபடியே நிற்கட்டும்."

இதை அப்படியே என் மாமியாரிடம் போய்ச் சொன்னேன். மாமியார் அந்தோணியம்மா, ரெட்டியார் நிலத்தில் கடலை பிடுங்குகிற கூலிக்காரி. ஆனால் அவள் நடையைப் பார்த்தால் ரெட்டியார்தான் அவளிடம் கூலி வேலை செய்வதாகத் தோன்றும்.

"இன்னாது? பீத்தப் புடவையோட சீமைக்காரங்க முன்னால நிக்கறதா? ஜொரம் சாமியாருக்கு மண்டைக்கு ஏறிடுச்சா? 'இத்தினி வருஷமா அங்க இருந்துகினு இன்னாய்யா கிழிச்சே'ன்னு அவங்க ஊர்ல அவரைத்தானே கேப்பாங்க? நம்ம சாமி மானம் போவலாமா?"

ஆங், நியாயம்தானே என்று எனக்கும் பட்டது. (எம்.ஏ. அல்லவா!)

அவ்வளவுதான், ஊரே இரவலுக்குக் கிளம்பியது. ஆண்கள் கூத்துக்காரர்களிடம் சரிகைத் தலைப்பாகை வாங்கி வந்தார்கள். ரெட்டியார் சம்சாரம் மகராசி, பட்டும் ஒட்டியாணமும் காசுமாலையுமாக அள்ளிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, போட்டோ முடிகிறவரை எதிரில் மணைபோட்டு உட்கார்ந்து, "ஏமே அந்தோணியம்மா, ஒட்டியாணம் பத்திரம்!" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

அரக்கோணத்திலிருந்து வந்த போட்டோக்காரர் கொட்டகையைப் பார்த்து முகம் சுளித்தார். "இந்த ஓட்டைக் கூரை படத்துல விழுந்தா எனக்குத்தாங்க கெட்ட பேரு" என்று, தான் கொண்டுவந்த திரைச்சீலையை முன்னால் கட்டினார். அரண்மனைப் படிக்கட்டு, தாமரைக் குளம், இரண்டு அன்னம். நடுவில் ஒட்டியாணத்தோடு நான். எனக்கே என்னைப் பார்த்துக் கும்பிடத் தோன்றியது! உறையில் வைத்து ஒட்டித் தபாலில் போட்டுவிட்டு, இன்னொரு பிரதியைக் கொட்டகையில் மாட்டினேன்.

உடம்பு தேறி வந்த சாமியார் அதன் முன்னால் நின்றார்.

"மகளே, இவர்கள் யார்?"

"நாமதான் சாமி."

"இந்தக் குளம்?"

"அது சீலை சாமி."

"நம் கொட்டகை எங்கே?"

"அன்னத்துக்குப் பின்னால இருக்குது சாமி."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை, வீட்டுக்குப் போய் ஓவென்று அழுதேன்.

பதில் வர மாதக்கணக்கானது. ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் அதைத் தமிழில் சொன்னார். அவர் ஊரில் கோயில்மேல் குண்டு விழுந்து அங்கேயும் கூரை இல்லையாம். பிள்ளைகள் சர்க்கரையைக் கண்ணால் பார்த்தே வெகுநாளாயிற்றாம். 'இருந்தும் உங்களுக்காகக் காணிக்கை எடுக்க நினைத்தோம். படத்தைப் பார்த்தோம். ஆண்டவர் உங்களை நிறைவாக வைத்திருக்கிறார். முடிந்தால் நீங்கள் எங்களுக்கு உதவுங்கள்.'

எனக்கு அப்படியே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "இன்றே உண்மையை எழுதிவிடுகிறேன்" என்றார் சாமியார்.

"வாணாம் சாமி!" என் மாமியார் எழுந்து நின்றுவிட்டாள். "பொறந்ததுலேர்ந்து எங்களைப் பாத்து 'இந்தா, புடி'ன்னு வீசினவங்கதான் உண்டு. 'குடு'ன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. இப்பதான் கேட்டுகீறாங்க. அதுவும் புள்ளைங்களுக்கு. இல்லன்னு எழுதறேன்றீங்களே!"

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

கூலியாக வாங்கிய கடலையில் ஆளுக்கு ஒரு படி வந்தது. வெல்லம் காய்ச்சுகிற இடத்துக்கு வேலைக்குப் போனவர்கள் திருவாலங்காட்டிலிருந்து வெல்லம் கொண்டுவந்தார்கள். விஷயம் கேள்விப்பட்டு ரெட்டியார் சம்சாரமும் ஒரு கூடை வெல்லம் அனுப்பினாள். ஒரு மரப்பெட்டி நிறைந்து பிரான்சுக்குக் கப்பல் ஏறியது.

கூரை? ஓடு கனவாகவே போய்விட்டது. ஆனால் மாமியார் வீடு வீடாகப் போனாள். "சீமைக்கே பெட்டி அனுப்பின ஊரு, நம்ம புள்ளைங்களுக்கு நாலு ஓலை முடைய மாட்டோமா?" என்றாள். மழைக்கு முன்னால் ஊரே கூடிப் புது ஓலை வேய்ந்தது. இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்தார், கையெழுத்துப் போட்டார், போய்விட்டார். பள்ளிக்கூடம் பிழைத்தது. நானும் பிழைத்தேன்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அங்கேயிருந்து ஒரு போட்டோ வந்தது. இடிந்த சுவரின் முன்னால் பிள்ளைகள். தொளதொளவென்று ஒட்டுப்போட்ட கோட்டு, கிழிந்த ஜோடு, கையில் ஆளுக்கொரு துண்டு வெல்லம். இருக்கிறபடியே நின்றிருந்தார்கள்.

மாமியார் அதை வெகுநேரம் பார்த்தாள். அவள் அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கும் எங்கள் வீட்டில், கல்யாண ஆல்பத்தில் யாராவது சுமாராக உடுத்தி நின்றிருந்தால்கூடச் சொல்லிச் சிரிக்கிறார்கள். என் பேத்திகளுக்கும் அது மனப்பாடம். மாமியார் மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஐயோ பாவமே, இரவல் குடுக்கக்கூட அந்த ஊர்ல ஒரு மனுஷன் இல்ல பாரேன்."