ஏர்போர்ட் உட்கார்ந்த நாற்காலி

விமானம் என்ற ஒன்றை மனிதன் கண்டுபிடித்த நாளிலிருந்து, அதை அதிக முறை தரையில் குத்தியவர் எங்கள் கள்ளக்குறிச்சியில்தான் இருக்கிறார். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். அவருக்கு ஒரு பெயர் உண்டு. ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவர் ஏர்போர்ட். பஸ் ஸ்டாண்டில் இறங்கி "ஏர்போர்ட் போகணும்" என்று சொல்லிப் பாருங்கள். ஆட்டோக்காரர் உங்களை மேலும் கீழும் பார்க்க மாட்டார். நேராகக் கச்சிராயபாளையம் சாலையில் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டும் ஒரு கடை வாசலில் இறக்கிவிடுவார்.

கடைக்குள் விவசாயிகளின் போர்வெல் மோட்டார்கள் வரிசையாகப் படுத்திருக்கும். அவற்றுக்கு மேலே கயிற்றில் ஒரு விமானத்தின் பாதி உடம்பு தொங்கும். கரும்பு காய்கிறதே என்ற கவலையோடு யாராவது வந்து நிற்பார்.

"மோட்டார் ஆயிடுச்சாங்ண்ணா?"

"ரெக்கை ஒட்டிக்கினு இருக்கறன். காயட்டும். நாளிக்கி வாங்க."

"ரெக்கை எனக்கு இன்னாத்துக்குங்க?"

"ஒங்களுக்கு இல்லீங்க. எனக்கு."

வந்தவர் மறுபேச்சில்லாமல் போய்விடுவார். ஏர்போர்ட் கட்டிய காயில் பத்து வருடத்துக்கு எரியாது. அவர் கட்டிய விமானம்தான் பத்து நிமிடம் தாங்காது.

ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானங்களுக்கான எங்கள் கிளப்பில் மொத்தம் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் பதவி உண்டு. சும்மா உறுப்பினர் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆள் கிடைக்கவில்லை. கார் வைத்திருப்பதால் பல் டாக்டர் தலைவர். கையெழுத்து அழகாக இருப்பதால் நான் செயலாளர். ஏர்போர்ட் தொழில்நுட்ப ஆலோசகர்; யாரும் அவரிடம் ஆலோசனை கேட்டதில்லை. மற்ற இருவரிடம் விமானமே கிடையாது. கோழி உண்டு என்பதால் வருகிறார்கள்.

கோழி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஓடுதளம் கச்சிராயபாளையம் போகும் வழியில் இருக்கும் ஓர் ஏரி. தண்ணீர் இருக்கும்வரை ஏரி; வற்றினால் விமானத் தளம். ஊரே மழை கேட்டுக் கும்பிடும் காலத்தில் வாயைத் திறக்காமல் சந்தோஷப்படும் ஐந்து பாவிகள் நாங்கள்தான். வண்டல் காய்ந்து இறுகியதும் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிப்போம். காலையில் விமானம், மதியம் கரி அடுப்பில் சுட்ட கோழி. டாக்டர் அதை 'பார்பிக்யூ' என்பார். அங்கே மாடு மேய்ப்பவர்கள் "ஏரில கறி சுடறாங்க" என்பார்கள்.

அந்த நாளுக்கு ஒரே ஒரு சட்டம். எவர் விமானம் விழுகிறதோ அவர் அடுப்பின் முன்னால் குந்தி, விசிறி, கறியைச் சுட வேண்டும். மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடலாம். பதினோரு வருடமாக விசிறியவர் ஒருவரே. 'யாரும் விழாவிட்டால் செயலாளர் விசிற வேண்டும்' என்று கீழே ஒரு வரியையும் நானே எழுதி வைத்திருந்தேன். அந்த வரிக்கு என் ஆயுளில் வேலை வராது என்ற தைரியம்தான்.

இத்தனைக்கும் ஏர்போர்ட் ஒவ்வொரு வருடமும் வீட்டிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியை மொபெட்டில் கட்டிக்கொண்டு வருவார். பிரிக்காமலே திரும்பக் கட்டிக்கொண்டு போவார். அவர் மனைவி ஒருமுறை என்னிடமே கேட்டுவிட்டார்: "அந்தச் சேருக்கு இன்னா சார் வேண்டுதலு? வருசா வருசம் ஏரியப் பாத்துட்டு வருது."

அவர் விமானம் ஏன் விழுகிறது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. கட்டுமானம் பிரமாதமாகவே இருக்கும். மேலே ஏறியதும் மனிதர் ரிமோட்டோடு எங்கள் பக்கம் திரும்பிவிடுவார். "இப்பப் பாருங்க டாக்டர், ஒரு குட்டிக்கரணம்" என்று டாக்டரின் முகத்தைப் பார்த்துச் சொல்வார். குட்டிக்கரணம் நடக்கும். அதை அவர் ஒருவர் மட்டும் பார்த்திருக்க மாட்டார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் விழ வேண்டும் என்றுதான் நாங்கள் காத்திருப்போம். பதினோரு விபத்துகள் அவரைப் பெரிய சமையல்காரராக்கியிருந்தன. மோட்டாரைத் தொட்டுச் சூடு பார்க்கும் கையைக் கரிக்கு மேலே நீட்டியே, கறியை எப்போது திருப்ப வேண்டும் என்று சொல்லிவிடுவார். அந்தக் கோழியைத் தின்றவர்கள் ஹோட்டல் பக்கம் ஒரு மாதத்துக்குப் போக மாட்டார்கள்.

போன மே மாதம் புது விமானத்தோடு வந்தார். ஃப்ரிட்ஜ் பெட்டித் தெர்மாகோலில் உடம்பு. இறக்கைக்கு யார் வீட்டுக் காதணி விழா பேனரோ. இடது இறக்கையில் தாய்மாமனின் மீசை, வலது இறக்கையில் 'வருக வருக'. ஒரு வருட வேலை. என்னுடைய விமானமும் டாக்டருடையதும் அதற்கு முன்பே பத்திரமாக இறங்கியிருந்தன. அவை கடையில் வாங்கியவை. விழ அவற்றுக்குத் தெரியாது.

ஏர்போர்ட் விமானத்தின் மூக்கைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார். மூக்கில் வைக்க வேண்டிய ஈயக் குண்டைக் கடைத் தராசிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். மூக்கில் கனமில்லாவிட்டால் ஏறிய வேகத்தில் விமானம் மல்லாந்துவிடும்.

"கல்லு எதுனா வைங்களேண்ணா" என்றேன். வண்டலில் கல் ஏது? அடுப்புக்கான செங்கல்லே டாக்டர் காரில் வந்ததுதான். ஏர்போர்ட்டின் பார்வை சுற்றி வந்து, மசாலா தடவிய கோழி இருந்த பேசினில் நின்றது.

"ஒரு லெக் பீஸ் குடுங்க சார்."

"இன்னும் அடுப்பே பத்த வைக்கலீங்களே."

"சாப்புட இல்ல சார். மூக்குக்கு."

டாக்டர் கார் சாவியை நீட்டினார். "இத வைங்கண்ணா, நல்லா கனமா இருக்கும்."

"சாவி ஆடும் டாக்டர். கறி ஆடாது. மசாலாவோட புடிச்சிக்கினு ஒக்காந்துக்கும்."

தொடையை மூக்கில் திணித்து, இரண்டு விரலில் இறக்கையைத் தாங்கிச் சமன் பார்த்தார். "கொஞ்சம் ஜாஸ்தி" என்று தோலைக் கிள்ளி வீசினார். அது தரையைத் தொடுவதற்குள் ஒரு பருந்து இறங்கிக் கவ்விக்கொண்டு போனது. படித்தவர்கள் நான்கு பேர் அதை வேடிக்கை பார்த்தோம்.

தாய்மாமன் கம்பீரமாக ஏறினார். ஏர்போர்ட் வழக்கம்போல எங்கள் பக்கம் திரும்பி, "இப்பப் பாருங்க டாக்டர்" என்றார்.

"நீங்க பாருங்கண்ணா" என்றார் டாக்டர்.

விமானத்தின் பின்னால் இரண்டு பருந்துகள். மூன்றாவது ஒன்று மலைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. ஒன்று பாய்ந்து தாய்மாமனின் மீசையில் ஒரு கீற்றை உரித்தது. ஏர்போர்ட் சட்டென்று வானத்தின் பக்கம் திரும்பினார். இத்தனை வருடத்தில் அவர் விமானத்தைப் பார்த்துக்கொண்டு விமானம் ஓட்டியது அன்றுதான். குட்டிக்கரணம் இல்லை, விளக்கவுரை இல்லை. கரையை ஒட்டித் தாழ்ந்து, வேலிகாத்தான் புதர்களைத் தாண்டி, அகலமாக ஒரு வளைவு எடுத்து, நேராக எங்களை நோக்கிக் கொண்டுவந்தார். "வந்துடு, வந்துடு" என்று உதடு மட்டும் அசைந்தது.

சக்கரம் தரையைத் தொட்டது. இரண்டு துள்ளு. உருண்டது. நின்றது.

நாங்கள் கைதட்டக் கையைத் தூக்கினோம். அதற்குள் மாடு மேய்ப்பவரின் நாய் ஓடிவந்து மூக்குக்குள் முகத்தை விட்டு, தொடையை உருவிக்கொண்டு போய்விட்டது. கனம் போனதும் விமானம் மெல்ல வாலை ஊன்றி உட்கார்ந்தது.

"இது வுழுந்ததுல சேருமா சார்?" என்று ஏர்போர்ட் என்னைக் கேட்டார்.

"எறங்குனதுக்கு அப்பறம் நாய் பண்ணதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க? சேராதுங்க" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் எழுதிய கடைசி வரி நினைவுக்கு வந்தது.

நாற்காலி துருப்பிடித்து இறுகியிருந்தது. இரண்டு பேர் பிடித்து இழுத்துத்தான் பிரித்தோம். அவர் அதில் நுனியில் உட்கார்ந்தார். நான் விசிறினேன். புகை என் கண்ணுக்கும் சாம்பல் கறிக்கும் போனது. விசிறியை வாங்க அவர் மூன்று முறை எழுந்து வந்தார். மூன்று முறையும் டாக்டர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். வெளியே கரியும் உள்ளே பச்சையுமாக ஒரு துண்டை அவர் தட்டில் வைத்தேன். மற்றவர்கள் ஒரு கடியோடு நாயைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவர் எலும்புவரை தின்றார்.

"எப்படிண்ணா இருக்குது?"

"சூப்பரா இருக்குது சார்."

'மோட்டார் நாளிக்கி ஆயிடும்' என்பதைத் தவிர அவர் என்னிடம் சொன்ன ஒரே பொய் அதுதான். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, காலை நீட்டி, வாலை ஊன்றி நிற்கும் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வருடமும் ஏரி வற்றிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை நாள். நாற்காலிக்கு எண்ணெய் போட்டு வைத்திருப்பதாக அவர் மனைவி சொன்னார். அவர் விமானம் விழுந்தால் எங்களுக்கு நல்ல கறி கிடைக்கும். விழக் கூடாது என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.