ஏகமனதாகப் பாறை

மறுபடியும் ஆடுது! இல்ல, என் கால்தான் ஆடுது. அப்பா முழிச்சுக்காம, காருக்குள்ள போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கிட்டு இதை டைப் பண்றேன். பயமா இருந்தாலும் பெருமையை விட்டுக்கொடுக்க முடியாது. சேற்றைத் தீர்மானம் போட்டுப் பாறையாக்கின ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பு உலகத்துலயே எங்களோடதுதான். இயற்கைக்கு இதுக்குக் கோடி வருஷம் ஆகுமாம். எங்க குடியிருப்போர் சங்கத்துக்கு இருபது நிமிஷம் ஆச்சு, டீ உட்பட.

அப்பா கட்டட இன்ஜினியர். போன மாசம் சங்கம் அவரை 'நிலநடுக்க ஆபத்து மதிப்பீடு' செய்யச் சொல்லுச்சு. துளை போட்டுப் பார்த்தார், பதினெட்டு மீட்டருக்குச் சேறு. கீழ்த்தளத்துல கார் நிறுத்தணும்னு சுவரே இல்லாம வெறும் தூண். தூணுக்கு நடுவுல சுவர் எழுப்பணும்னார். எழுப்பினா பதினொரு கார் வெளிய போகணும். அங்கதான் விஞ்ஞானம் வளர ஆரம்பிச்சுது.

செயலாளர் அங்கிள் கேட்டார், "ஆபத்துன்னா எவ்வளவு சார்?"

"பெரிய ஆட்டம் ஒண்ணு, அம்பது வருஷத்துல வர பத்து சதவீதம் வாய்ப்பு இருக்கு."

"அப்போ வராம இருக்கத் தொண்ணூறா? என் பையன் எந்தப் பாடத்துலயும் தொண்ணூறு வாங்கினதில்ல சார்!"

எல்லாரும் கை தட்டினாங்க.

"அது கெட்டித் தரைக்கு. இங்க சேறு. எங்கயோ ஆரம்பிச்ச ஆட்டம் இங்க வந்ததும் ரெண்டு மடங்காகும்."

"அப்போ பாறைன்னு போட்டுடுங்க."

"சேறு சேறாத்தானே சார் இருக்கும்?"

"அதுக்குத்தான் தீர்மானம்."

முன்மொழிந்தவர் செயலாளர். வழிமொழிந்தவர் பொருளாளர். எதிர்ப்பு இல்லை. சேறு கூட்டத்துக்கு வரல. அப்பா கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடிச்சார். அந்தப் பதினொண்ணுல ஒண்ணு எங்க கார்.

அவருக்கு டைப்பிங் வராது, ரிப்போர்ட்டை நான்தான் அடிச்சேன். கம்ப்யூட்டர்ல 'மண் வகை'ன்னு ஒரு கட்டம். தொட்டா பட்டியல் விரியும்: பாறை, இறுகின மண், இளகின மண்.

"மேல இருக்கிறதைத் தொடும்மா."

"அப்பா, நீங்க சொன்னது கடைசிது இல்லையா?"

"தொடுன்னா தொடு."

தொட்டேன். பதினெட்டு மீட்டர் சேறு ஒரே விரல்ல பாறையாச்சு. கீழ பச்சை எழுத்துல 'பாதுகாப்பானது'ன்னு வந்துச்சு. அப்பா கையெழுத்துப் போட்டார்.

இன்னிக்குச் சாயங்காலம் ஃபேன் தானா ஊசலாடுச்சு. நாப்பது குடும்பமும் செருப்பு கூடப் போடாம கீழ ஓடினோம். ஒரு தூண்ல விரிசல், என் கை நீளத்துக்கு. செயலாளர் அங்கிள் ரிப்போர்ட்டைத் தூக்கிக் காட்டினார். "நம்ம கீழ பாறைங்க! இன்ஜினியர் கையெழுத்துப் போட்டிருக்கார்! தைரியமா மேல போய்த் தூங்குங்க!" எல்லாரும் அப்பாவைக் கும்பிடாத குறையாப் பார்த்துட்டு மேல போனாங்க.

பதினொரு மணிக்கு அப்பா எங்களை எழுப்பினார். "சத்தம் போடாம வாங்க. மைதானத்துல கார்லயே படுத்துக்கலாம்."

அம்மா கேட்டாங்க, "பாறைன்னு எழுதிக் குடுத்தீங்களே?"

"உள்ள புழுக்கமா இருக்கு."

"சின்னது வந்தா பின்னாடியே பெருசு வரலாம்னு சொல்வீங்களே, அந்தப் புழுக்கமா?"

அப்பா சாவியை எடுத்துட்டு நடந்துட்டார்.

மைதானத்துல எங்களுக்கு முன்னாடியே ஒரு கார் நின்னுச்சு. செயலாளர் அங்கிளோடது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தும் பார்க்காத மாதிரி கண்ணாடியை ஏத்திக்கிட்டாங்க. போராடிக் காப்பாத்தின பார்க்கிங்ல ரெண்டு இடம் இப்ப காலி.

இப்பதான் மூணாவது மாடியில இருக்கிற என் ஃப்ரெண்டு மெசேஜ் போட்டா. "தம்பி பயந்து அழறான்டி. உங்கப்பாதானே எழுதினாரு, தூங்கலாம்தானே?"

கீழ வான்னு சொன்னா, நாப்பது வீட்டுக்கும் அப்பா கையெழுத்தோட லட்சணம் தெரிஞ்சிடும். தூங்குன்னு சொன்னா...

பாறையைத் தொட்ட அதே விரலை வெச்சுக்கிட்டு, அவளுக்கு நான் என்னன்னு டைப் பண்றது?