பீடத்தடியில் ஒரு சுரங்கம்

பழைய கோயில் எங்கே இருக்கிறதோ அங்கே வௌவாலும் இருக்கும், வரலாறு சொல்கிறவரும் இருப்பார். வௌவாலாவது பகலில் தூங்கும்.

எங்கள் சர்ச் பங்குக்கு வாய்த்தவர் அருள்ஜோசப். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகர். அங்கே தலைமுடி அளவு பிசகினாலும் செய்த பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். இங்கே, ஞாயிறு பூசை முடிந்து புதுமுகம் ஒன்று வாசலில் செருப்பைத் தேடினால் போதும், கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்து, சுவரைத் தட்டி, சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், ஆயிரக்கணக்கில் முட்டை குழைத்த சாந்து என்று ஆரம்பித்து, ஃபிரான்சிலிருந்து கப்பலில் வந்த மணியை அண்ணாந்து பார்க்கவைத்து, கடைசியில் பீடத்தின் முன் நிறுத்திக் குரலைத் தாழ்த்துவார்: "இதுக்கு அடியில சுரங்கம் இருக்குதுங்க."

முட்டைக் கணக்கு வருஷா வருஷம் ஏறும். சுரங்கம், கேட்பவர் கிருஷ்ணகிரிக்காரர் என்றால் மலைக்கோட்டைக்குப் போகும். மைசூர்க்காரர் என்றால் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போகும். யார் மனதை நோகடித்தார் அவர்?

போன மாதம் கோயில் வளைவில் விரிசல் கண்டு, பங்குச்சாமியார் ஓர் இஞ்ஜினியரை வரவழைத்தார். நம்மவர் விடுவாரா? அவரையும் சுற்றிக்காட்டிப் பீடத்தின் முன் நிறுத்தினார். இஞ்ஜினியர் முகம் மாறிவிட்டது.

"அடியில காலியா இருக்குதா? அப்ப கூட்டம் கூடக் கூடாது ஃபாதர். பூட்டிடுங்க."

அடுத்த வாரம் அதே பீடத்தின் முன்தான் அருள்ஜோசப்பின் மகள் டெல்சிக்குக் கல்யாணம். ஊரெல்லாம் பத்திரிகை கொடுத்தாயிற்று.

"ஏம்ப்பா, என் கல்யாணத்த சுரங்கத்துல போட்டு மூடிட்டியே!" என்று கோயில் வாசலிலேயே அவள் அழுதாள். அருள்ஜோசப் ஓடினார். கிளம்பிக்கொண்டிருந்த இஞ்ஜினியரின் காரை மறித்தார்.

"சுரங்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்லீங்க சார். நானா சொன்னது."

"அப்ப முட்டை?"

"அதுவும்... யாரு எண்ணிப் பார்த்தாங்க சார்."

இஞ்ஜினியர் மறுநாள் தரையில் துளை போட்டுப் பார்த்தார். அடியில் முழுப்பாறை. விரிசலும் மேல்பூச்சில்தான். கோயில் திறந்தது, கல்யாணம் நடந்தது, டெல்சி சிரித்தாள்.

பந்தி முடிந்ததும் மாப்பிள்ளையின் பெங்களூர்ச் சித்தப்பா சும்மா உள்ளே எட்டிப் பார்த்தார். அருள்ஜோசப் அவர் கையைப் பிடித்தார்.

"இல்லி நோடி, இங்க பாருங்க சார். இதுக்கு அடியில சுரங்கம். இஞ்ஜினியரே வந்து துளை போட்டுப் பார்த்தாரு, கண்டுபிடிக்க முடியல. அவ்ளோ ரகசியமா கட்டியிருக்கான்!"

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் ஊர்ப் பழைய கோயிலிலும் ஒரு சுரங்கம் உண்டல்லவா? அது எந்தப் பக்கம் போகிறது?

பாருங்கள், திசை காட்ட உங்கள் கை எழுந்துவிட்டது.