பாட்டு வருமானம்

தமிழ் நன்றாகத் தெரியும் என்று சொல்லிக்கொள்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். ஒரு காலத்தில் நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவள். அந்தத் தமிழை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் வலையை ஜப்தி வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியவள். இதை மற்றவர்கள் சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை.

எழுபதுகளின் கடைசி. மாயவரம் பக்கத்துப் பெண்ணான எனக்குப் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை வேலை. புலவர் பட்டம் வாங்கியிருந்தேன். பெயருக்கு முன்னால் அந்தப் பட்டம் வராமல் எங்கும் கையெழுத்துப் போடமாட்டேன் (பால்காரர் நோட்டில்கூட). பிள்ளைகள் "இன்னா டீச்சர்" என்றால், "என்ன என்று சொல்" என்று திருத்திவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுவேன். அதற்குள் அவர்கள் கேட்க வந்தது அவர்களுக்கே மறந்துபோயிருக்கும். ஏரிக்கரையில் ஏழு வருஷம் இருந்துவிட்டேன். வாரம் இரண்டு முறை மீன் வாங்கியதைத் தவிர அந்த ஏரிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் தேசப்பன் வந்து நின்றான். என்னிடம் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். பொன்னேரியில் ஹாஸ்டலில் தங்கி இரண்டு வருஷம் காலேஜும் போனான். அப்பா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டுக் குப்பத்துக்கே திரும்பி வந்து வலையை எடுத்துக்கொண்டான். கையில் ஒரு நோட்டீஸ். வீட்டு வரி பாக்கி, கட்டாவிட்டால் ஜப்தி என்று இருந்தது. ஓட்டு வீட்டுக்கான வரி. அவன் காலேஜில் இருந்த இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.

அந்த இரண்டு வருஷமும் வீட்டில் யாரும் இல்லை என்றான். ஒரு புயலில் ஓடெல்லாம் பறந்துவிட, அப்பாவும் அம்மாவும் தோணிரேவில் இருந்த மாமா வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவன் திரும்பி வந்து ஓலை வேய்ந்த பிறகுதான் அங்கே மறுபடி அடுப்பு எரிந்தது. வரி ஆபீஸ் ரிஜிஸ்தரில் மட்டும் அது இன்னும் ஓட்டு வீடு. நேரில் போய்ச் சொல்லிப் பார்த்தானாம். எழுதிக் கொடு என்று அனுப்பிவிட்டார்கள்.

"நீங்க எழுதுனா எடுபடும் டீச்சர்" என்றான்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அந்த ஊரில் ஏழு வருஷமாகக் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்கே போனேன். நேரில் கண்டு எழுதினால்தான் எழுத்தில் உயிர் இருக்கும் என்பது என் கொள்கை. தேசப்பனின் அம்மா அஞ்சலை எனக்கு ஒரு பலகையைத் துடைத்துப் போட்டாள். (என்னை டீச்சரம்மா என்பாள், அதே மூச்சில் நீ என்றும் சொல்வாள். முதலில் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது.) குடும்ப நிலைமையைச் சொல்லுங்கள் என்றேன்.

"இன்னாத்த சொல்றது டீச்சரம்மா. எங்களுக்குனு கீறது ஒரே ஒரு பாடு. இவன் நைனா காலத்துலேர்ந்து கீற பாடு. அவரு போனதும் இவன் தலைக்கு வந்துச்சு. அதுவும் இல்லன்னா நாங்க இல்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாடு என்றால் துன்பம். படுவதெல்லாம் பாடு. எழுத்தறியாத ஒரு பெண்ணின் வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லாட்சியா என்று வியந்துபோய், அப்படியே நோட்டில் குறித்துக்கொண்டேன். கூரையை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே மனு தயார். நாலு பக்கம். 'மனுதாரரின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பாடு உடையது. தந்தையார் மறைந்ததும் அப்பாடு முழுவதும் தனயன் தலையில் வந்து சேர்ந்தது. இன்று அவரிடம் உள்ளதெல்லாம் அந்தப் பாடு ஒன்றே' என்று எழுதிவிட்டு, நானே இரண்டு முறை உரக்கப் படித்துப் பார்த்தேன். தேசப்பனிடம் கொடுத்தபோது அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பாடு பற்றி எழுதத்தான் வேண்டுமா என்று மெல்லக் கேட்டான். மனுவின் உயிரே அதுதான் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

மூன்றே வாரத்தில் பதில் வந்தது. 'மனுதாரரே ஒப்புக்கொண்டபடி அவருக்குப் பரம்பரையான பாட்டு வருமானம் உள்ளதால் மனு நிராகரிக்கப்படுகிறது.'

பாட்டு வருமானமா? எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தப் பிள்ளை பாட்டுப் பாடிச் சம்பாதிக்கிறான் என்று எந்தக் குமாஸ்தா சொன்னான்? இவர்களிடம் தமிழ் படும் பாடு என்று தலையில் அடித்துக்கொண்டு, அந்தச் சூட்டோடு அடுத்த மனுவை எழுதினேன். மூன்று பக்கம். 'மனுதாரருக்குப் பாட வராது. எட்டாம் வகுப்பு முதல் அவருடைய குரலை நான் நன்கு அறிவேன். காலை வழிபாட்டில் அவரை வாயை மட்டும் அசைக்கச் சொல்லி நிறுத்தி வைத்திருந்தோம். அவருடைய தந்தையாரும் பாடியதாகத் தகவல் இல்லை.'

இந்த முறை தேசப்பன் ஒன்றுமே கேட்கவில்லை. மடித்து எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த பதில் தபாலில் வரவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆளாகவே வந்தது. வந்தவர் கோர்ட் அமீனா இல்லை, வரி ஆபீஸ் ஆள்தான். ஆனால் ஜப்தி என்று வாசலில் வந்து நிற்கிற எவருக்கும் குப்பத்தில் அமீனா என்றுதான் பேர். தேசப்பன் என்னைக் கூப்பிடவில்லை, அமீனாதான் ஆளனுப்பிக் கூப்பிட்டிருந்தார். எழுதியவரைப் பார்க்க வேண்டுமாம். நியாயம் கேட்கப் போகிற மிடுக்கோடு, இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன்.

அமீனா ஐம்பது வயது தாண்டிய, சோர்ந்த மனிதர். வீட்டிலிருந்த பித்தளை அண்டாவும் இறால் வலையும் வெளியே மணலில் கிடந்தன. அவர் கூட்டி வந்த இரண்டு பேர் வலையை மடித்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை அந்த வலையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மறுநாள் விடிந்தால் அந்த வலையை ஏரியில் கட்டியாக வேண்டும் என்று தேசப்பன் அமீனாவிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். அது தப்பினால் அவர்களுக்கு அடுத்த முறை வர இருபது நாளுக்கு மேல் ஆகும், இறால் ஓடுகிற காலமும் அதற்குள் போய்விடும் என்றான்.

என் ஏழு பக்கங்களையும் அமீனா கையில் வைத்திருந்தார்.

"ரெண்டையும் எழுதுனது நீங்கதானா?"

ஆமாம் என்றேன். இன்னும் பெருமையாகத்தான் சொன்னேன்.

"எல்லாம் சரி டீச்சர். இவருக்குப் பாட வராதுனு எதுக்கு எழுதியிருக்கீங்க?"

பாட்டு வருமானம் என்று உங்கள் ஆபீஸ்தானே முதலில் எழுதியது என்று சீறினேன். அவர் தேசப்பனைப் பார்த்தார். தேசப்பன் மணலைப் பார்த்தான். கடைசியில் அஞ்சலைதான் கையை நீட்டி ஏரியைக் காட்டினாள்.

"அதோ தண்ணியில கழி நட்டு கீது பாரு. அங்க எந்த எடத்துல, எந்த நாளு, யாரு வலை கட்டறதுனு ஊருல மொறை வெச்சு கீறாங்க. அந்த மொறைதான் டீச்சரம்மா பாடு. ஒரு பாடு இருந்தா ஒரு குடும்பம் பொழைக்கும்."

நெடிலுக்குப் பின்னால் டு, று வந்து வேற்றுமை ஏற்றால் ஒற்று இரட்டிக்கும். நாடு நாட்டு ஆகும், ஆறு ஆற்று ஆகும், பாடு பாட்டு ஆகும். வருஷா வருஷம் எட்டாம் வகுப்புக்கு நான் நடத்துகிற பாடம். அது தெரிந்த குமாஸ்தா ஒருவர் அந்த ஆபீஸில் இருந்திருக்கிறார். தெரியாத புலவராக நான் இங்கே பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தேன். இல்லாதவன் என்று சொல்லி வரி விலக்குக் கேட்கப் போன நான், பரம்பரையாக வருமானம் உள்ளவன் என்று நாலு பக்கம் சாட்சி சொல்லியிருக்கிறேன்.

அமீனா சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஓலை வேய்ந்து எத்தனை நாளாயிற்று, அதற்கு முன்னால் யார் குடியிருந்தார்கள் என்று தேசப்பனிடம் விசாரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஓடு போச்சு, வீட்டுல ஆளில்லனு ஒரு வரி எழுதியிருந்தா நான் இங்க வந்திருக்கவே வேணாம். ஏழு பக்கத்துல எங்கயும் இல்லியேம்மா."

வாங்கிப் புரட்டினேன். இல்லை. ஓடும் இல்லை, ஓலையும் இல்லை. தமிழ் மட்டும்தான் இருந்தது.

தப்பு என்று தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று தேசப்பனைக் கேட்டேன். அந்த நிலையிலும் குரலில் ஒரு அதட்டல் இருந்தது, வெட்கக்கேடு.

"டீச்சர் எழுதுனா அதுல இன்னாமோ அர்த்தம் இருக்கும்னு நெனச்சேன் டீச்சர்" என்றான்.

அவன் கிண்டல் செய்யவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எதிர்த்துக் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று வகுப்பில் அவனுக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தான்.

எடுத்ததை விட்டுவிட்டுப் போகத் தனக்கு அதிகாரமில்லை, திங்கட்கிழமை ஆபீஸ் திறந்தால்தான் எதுவும் என்றார் அமீனா. இப்போதே சரியாக ஒரு மனு எழுதிக் கொடுத்தால், கூரை ஓலைதான் என்று தன் ரிப்போர்ட்டில் எழுதிச் சேர்த்து வைப்பதாகச் சொன்னார். காகிதத்துக்கு என் கை தானாக நீண்டது. அதற்குள் தேசப்பன் வாங்கிக்கொண்டான். கவிழ்த்துப் போட்ட கூடையின் மேல் வைத்து எழுதினான். ஆறே வரி. புயல், ஓடு, ஹாஸ்டல், தோணிரேவு, ஓலை, கையெழுத்து. எழுதி முடித்து என்னிடம் நீட்டினான்.

"எழுத்து மட்டும் பாருங்க டீச்சர். விஷயத்துல கை வைக்காதீங்க."

ஓலையை 'ஓளை' என்று எழுதியிருந்தான். அந்த ஒரு எழுத்தைத் திருத்திக் கொடுத்தேன். அந்த வழக்கில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

அடுத்த வாரமே வரி தள்ளுபடி ஆயிற்று. வலையும் அண்டாவும் திரும்பி வந்தன. ஆனால் நடுவில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து போயிற்று. அன்று விடிகாலை கரைக்குப் போய் நின்றேன். தேசப்பனின் இடத்தில் முறைப்படி அடுத்த குடும்பம் வலை கட்டியிருந்தது. கூடை கூடையாக இறால் ஏறிற்று. தேசப்பன் அந்தக் கூடைகளைத் தூக்கிக் கரையில் இறக்கிக்கொண்டிருந்தான். என் அந்த மாதச் சம்பளத்தை அஞ்சலையின் கையில் கொடுக்கப் போனேன். அவள் வாங்கவில்லை. "எங்களுக்கோசரம்தான எழுதுன, உடு" என்றாள். திட்டியிருந்தால் அன்றே அழுது தீர்த்திருப்பேன்.

கல்யாணமான புதிதில் இந்தக் கதையை வீட்டுக்காரரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நான் படுகிற பாடு யாருக்குத் தெரிகிறது என்று சமையலறையிலிருந்து சலித்துக்கொண்டால் போதும், அதற்கு வரி கட்டியாச்சா என்று கூடத்திலிருந்து குரல் வரும். மகள் வளர்ந்து வேலைக்கு மனுப் போட ஆரம்பித்ததும் அவளும் சேர்ந்துகொண்டாள். காகிதத்தை என்னிடம் நீட்டும்போதே, "அம்மா, எழுத்து மட்டும் பாரு, விஷயத்துல கை வைக்காத" என்பாள். பேரன் பேத்திகள்கூட இப்போது அர்த்தம் தெரியாமல் அதைச் சொல்கிறார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். வீட்டில் நான் சொன்ன கதை, அமீனா மனுவை வாங்கிச் சட்டைப்பையில் வைப்பதோடு முடிந்துவிடும். மறுநாள் காலை ஏரியில் யார் வலை கட்டினார்கள் என்று இன்றுவரை அவர்களுக்கு நான் சொன்னதில்லை.